ஃபியஸ்டா எஸ்டி: டிஃப் உள்ள வெள்ளையா, பளபளக்கும் நீலமா?

ஹாரோப்பொடியன் | ஞாயிறு இரவு 10:12

வணக்கம் அண்ணைமார், அக்காமார்.

நான் இஞ்ச லண்டனில ஹாரோவில இருக்கிறன். இப்ப ஓடுறது அம்மான்ர பழைய யாரிஸ். ரெண்டு வருசமாச் சேர்த்த காசில ஒரு ஃபியஸ்டா எஸ்டி (ஃபோர்ட்டின்ர வேகமான சின்னக் கார்) எடுப்பம் எண்டு இருக்கிறன். 2023 யூலையோட கொலோன் ஆலையில ஃபியஸ்டாவை நிப்பாட்டிப் போட்டாங்கள், அதால பாவிச்ச கார்தான் வழி. ரெண்டு பார்த்து வச்சிருக்கிறன்.

முதலாவது 2019, எஸ்டி-3 (எஸ்டி-2 ஐ விட வசதி கூடினது), நீலம், 31,000 மைல், 14,200 பவுண். 18 இஞ்சி சில்லு, பின்னுக்குக் கமெரா, சாவி எடுக்காமலே திறக்கிற கதவு. பார்த்தா நேற்றுத்தான் ஷோறூமால வந்த மாதிரி.

ரெண்டாவதும் 2019 தான். எஸ்டி-2, வெள்ளை, 38,000 மைல், 13,400 பவுண். முன்பக்கம் முழுக்கக் கல் பட்ட பொட்டு. ஆனா 'பெர்ஃபோமன்ஸ் பாக்' இருக்கு எண்டு விக்கிறவர் எழுதியிருக்கிறார். நீலத்தில அது இல்லை.

அப்பா நீலத்தை எடு எண்டுறார். உண்மையைச் சொன்னா எனக்கும் மனசு அதிலதான். ரெண்டுக்கும் 200 குதிரைதானே? அந்தப் பாக் அவ்வளவு முக்கியமோ?

மூணுசிலிண்டர் | ஞாயிறு இரவு 11:35

வெள்ளை, தம்பி. அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

ஊர் கோவை, இப்போது லெஸ்டர். இதே 2019 கார்தான், பேக்கோடு, நாலு வருடமாக ஓட்டுகிறேன்.

அந்த பேக்கில் மூன்று சமாச்சாரம் வரும். லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவுவது), கியர் மாற்றச் சொல்லும் விளக்கு, குவைஃப் நிறுவனத்தின் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் பலத்தை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பங்கிடும் 'டிஃப்'. முதல் இரண்டையும் நண்பர்களுக்குக் காட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். மூன்றாவதுதான் கார்.

இந்த எஞ்சின் 1.5 லிட்டர் டர்போ, மூன்றே சிலிண்டர். 200 பிஎஸ் மேலே 6,000 சுற்றில்தான் கிடைக்கும், அதை விடுங்கள். 290 நியூட்டன் மீட்டர் டார்க் 1,600 சுற்றிலேயே வந்து நிற்கிறதே, அங்கேதான் விஷயம். இழுப்பதும் திரும்புவதும் ஒரே முன்சக்கரங்கள். ரவுண்டபௌட்டிலிருந்து இரண்டாவது கியரில் மிதித்து வெளியே வரும்போது பாரம் முழுக்க வெளிச்சக்கரத்துக்குப் போய்விடும். உள்சக்கரம் லேசாகி வழுக்க ஆரம்பிக்கும்.

சாதாரண டிஃப் என்ன செய்யும்? ஏரில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று நோஞ்சான் என்று வையுங்கள். நோஞ்சான் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் மற்றதையும் இழுக்க விடும். பலமான மாடு சும்மா நடந்து வரும். குவைஃப் அப்படி இல்லை. நோஞ்சான் தாங்குவதைப் போல சில மடங்கு பலத்தை மற்ற மாட்டுக்குக் கொடுக்கும். உள்ளே இருப்பது சாய்வுப் பற்சக்கரங்கள்தான். தேயும் தட்டுகள் இல்லை, எலெக்ட்ரானிக்ஸும் இல்லை. செய்கிறவர்கள் உங்கள் பக்கத்து கென்ட்டில், செவனோக்ஸில் இருக்கிறார்கள்.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும் என்றால்: வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எந்த முன்சக்கர காரும் வெளியே போகப் பார்க்கும். இது உள்ளே இழுக்கும். முதல் தடவை எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ஸ்டியரிங் கொஞ்சம் கையில் முறுக்கும், ஈரத்தில் அதிகமாகவே. அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நீல காரில் பின் கேமரா இருக்கிறது என்கிறீர்கள். அது வேண்டுமென்றால் நாளைக்குக்கூட வாங்கி மாட்டலாம். டிஃப் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

மதுரைக்காரி | திங்கள் காலை 7:50

காலையிலேயே ஒரு கசப்புக் கஷாயம் கொண்டு வந்திருக்கிறேன், மன்னிக்கவும்.

நான் குரொய்டனில் இருக்கிறேன், சாதாரண 1.0 ஃபியஸ்டா. லண்டன் தெருக்களில் பாதிக்கு மேல் 20 மைல் வேக எல்லைதான். ஹாரோவிலிருந்து வெம்ப்ளி போக அரை மணி ஆகும் ஊரில் உள்சக்கரம் வெளிச்சக்கரம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்! தம்பிக்கு என்ன வயது? முதலில் இன்ஷூரன்ஸுக்கு இரண்டு காரின் நம்பரையும் போட்டு விலை கேளுங்கள். என் தங்கை மகன் காரைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டான். இன்ஷூரன்ஸ் கேட்டபோது காரின் விலையில் நாலில் ஒரு பங்கு வந்தது.

ஒரு நல்ல சேதி: பெட்ரோல் கார், யூரோ 6 புகைத் தரம், ஆகவே யூலெஸ் (லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்குப் போடும்) கட்டணம் கிடையாது.

ஹாரோப்பொடியன் | திங்கள் காலை 8:30

அக்கா, வயசு 28, ஒன்பது வருச நோ-கிளெயிம் இருக்கு. ராத்திரியே கேட்டுப் பார்த்திட்டன், தாங்கக்கூடிய காசுதான். வேலை ஹை விக்கமில, ஒவ்வொரு நாளும் எம்40 மோட்டர்வே எடுக்கிறன். சனி ஞாயிறில சில்டேர்ன்ஸ் குன்றுப் பக்கம் சும்மா ஓடுவன். யாரிஸிலயே ஓடுறன் எண்டா பாருங்கோ.

மூணு சிலிண்டர் அண்ணை, மாட்டுக் கதை விளங்கிச்சு. ஒரு சந்தேகம். எஸ்டி வளைவில ஒரு சில்லைத் தூக்கும் எண்டு படங்களில பார்த்திருக்கிறன். சில்லு நிலத்திலயே இல்லாட்டி அந்த குவைஃப் என்ன செய்யும்? சில மடங்கு எண்டியள். சைபரை எத்தினையால பெருக்கினாலும் சைபர்தானே?

மூணுசிலிண்டர் | திங்கள் மதியம் 1:05

தம்பி, அந்த வகை டிஃப்பின் உண்மையான பலவீனமே அதுதான். ஒரு முன்சக்கரம் முழுக்க அந்தரத்தில் நின்றால் குவைஃப் கிட்டத்தட்ட சாதாரண டிஃப் மாதிரியே ஆகிவிடும். (அப்போது பிரேக் பிடித்து உதவ எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, அது வேறு கதை.)

ஆனால் படத்தைத் திரும்பப் பாருங்கள். தூக்குவது பின் உள்சக்கரம். முன்னால் இரண்டும் தரையில்தான் இருக்கும்.

தற்செயலாக நடப்பது இல்லை இது. பின்னால் இருப்பது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும், விலை குறைந்த முறுக்கு பீம்தான். தனித்தனி சஸ்பென்ஷன் கிடையாது. அந்த பீமை ஃபோர்டு வேண்டுமென்றே மிக விறைப்பாகச் செய்திருக்கிறது. வளைவில் சாய்வைத் தடுக்கும் வேலையைப் பின்பக்கமே எடுத்துக்கொள்கிறது. அதனால் பின் உள்சக்கரம் நாய் காலைத் தூக்குகிற மாதிரி தூக்கும். முன் உள்சக்கரத்துக்குப் பாரம் மிஞ்சும். அந்தப் பாரத்தைத்தான் குவைஃப் பயன்படுத்திக்கொள்கிறது. பின்பக்கத்தை விறைப்பாக்கினால் முன்பக்கம் பிடிக்கிறது! இன்ஜினியரிங் படித்த எனக்கே இதை நம்ப இரண்டு நாள் ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பார்த்தால் வளைந்து, கோணலாக, வாழைப்பழம் மாதிரி இருக்கும். இடது பக்கத்தை வலது பக்கம் போட முடியாது. வளைவில் பீம் பக்கவாட்டில் நகரப் பார்க்கும்போது அந்தக் கோணல் ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் தள்ளும். இதே வேலைக்கு ஆஸ்ட்ரா காரில் வாட்ஸ் லிங்கேஜ் என்று தண்டுகள் போட்டார்கள். இங்கே கூடுதல் பாகம் இல்லாமல் ஸ்பிரிங்கின் வடிவத்திலேயே முடித்துவிட்டார்கள். பின்னாளில் ஸ்பிரிங் மாற்ற வேண்டி வந்தால் மலிவாகக் கிடைக்கிறது என்று நேரான ஸ்பிரிங் போட்டுவிடாதீர்கள்.

போலோபிரியன் | திங்கள் மாலை 6:20

மூணுசிலிண்டர் சார் இப்படியே போனால் எல்லோரையும் மதம் மாற்றிவிடுவார். எதிர்க்கட்சிக்கு ஒருவராவது வேண்டாமா?

நான் ஜெர்மனியில் இருக்கிறேன், ஸ்டுட்கார்ட் பக்கம். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ, 207 பிஎஸ், 320 என்எம், 7 கியர் டிஎஸ்ஜி (தானாக கியர் மாற்றுவது). 2.0 லிட்டர், நாலு சிலிண்டர். நூறு கிலோமீட்டர் வேகம் 6.5 நொடி. எஸ்டிக்கும் அதே 6.5 தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் நான் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே அதைச் செய்வேன். (செய்ததில்லை, மனைவி படிக்கிறாள்.)

என் காரில் இயந்திர டிஃப் இல்லை. வழுக்கும் சக்கரத்தை பிரேக்கால் பிடிக்கும் எக்ஸ்டிஎஸ் இருக்கிறது. தினசரி ஓட்டத்துக்கு அது தாராளம். எஸ்டியை நண்பனிடம் வாங்கி ஒருமுறை ஓட்டினேன். வளைவில் அருமை, மறுக்கவில்லை. ஆனால் கரடுமுரடான சாலையில் இட்லிப் பானையில் உட்கார்ந்த மாதிரி குலுக்கித் தள்ளிவிட்டது. இரண்டு மணிநேர ஆட்டோபான் நெடுஞ்சாலைக்கு எனக்கு என் போலோ போதும்.

மூணுசிலிண்டர் | திங்கள் மாலை 7:02

குலுக்கல் உண்மை. 18 அங்குல சக்கரத்தில் இன்னும் மோசம். போன குளிர்காலத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி என் முன் ரிம் வளைந்தது. எஸ்டி-2 க்கு 17 அங்குலம் வருகிறது, தம்பி. டயரின் சுவர் கொஞ்சம் தடிமன். வெள்ளைக்கு அது இன்னொரு மதிப்பெண்.

பிரேக்கால் செய்வதும் பற்சக்கரத்தால் செய்வதும் ஒன்றல்ல, போலோ சார். எக்ஸ்டிஎஸ் வழுக்கும் காலைக் கட்டிப்போடும். இருக்கும் சக்தியில் கொஞ்சத்தைச் சூடாக்கி வீணடித்துத்தான் மிச்சத்தை மற்ற பக்கம் அனுப்பும். மலைப்பாதையில் இருபது நிமிடம் விரட்டினால் வித்தியாசம் தெரியும். தெருவில் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். மேக்கில்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டன் போகும் ஏ537 இல் ஒருநாள் இரண்டையும் ஓட்டுவோமா? ஆனால் அங்கே வழி நெடுக சராசரி வேகத்தைக் கணக்கெடுக்கும் கேமரா, 50 ஐத் தாண்ட முடியாது. பாழாய்ப்போனது.

ஐட்வென்டிஅன்பன் | திங்கள் இரவு 8:45

ஏன் யாரும் ஹூண்டாய் ஐ20 'என்' (N) பற்றிப் பேசவில்லை? எங்கள் ஊர் கார்! ஸ்ரீபெரும்புதூரில் செய்கிறார்கள், விலையும் குறைவு.

போலோபிரியன் | திங்கள் இரவு 9:10

நண்பரே, ரெண்டும் வேற வேற. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வருவது ஐ20 'என் லைன்' (N Line). 1.0 டர்போ, 120 பிஎஸ். ஐரோப்பாவில் விற்ற ஐ20 'என்' துருக்கியில் இஸ்மிட் ஆலையில் செய்தது. 1.6 டர்போ, 204 பிஎஸ், 275 என்எம், அதிலும் இயந்திர டிஃப் உண்டு, கியர் இறக்கும்போது சுற்றைத் தானே சரிசெய்யும் வசதியும் உண்டு. அதை இந்தியாவுக்கு அனுப்பவே இல்லை. 'லைன்' என்ற ஒரு சொல்லில் 84 குதிரை ஓடிப்போயிற்று.

ஐரோப்பாவிலும் 2024 இல் நிறுத்திவிட்டார்கள்.

ஐட்வென்டிஅன்பன் | திங்கள் இரவு 9:14

அய்யய்யோ. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வருடமாகத் தப்பாகப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

மறைமலைவாசி | செவ்வாய் காலை 6:15

இந்த இழையைப் படித்தால் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்து வருகிறது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். 2017 இல் ருமேனியாவுக்கு மாறும் வரை ஐரோப்பாவுக்குப் போன எக்கோஸ்போர்ட் எங்கள் லைனில் இறங்கியதுதான். 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே போனபோது நானும் நின்றிருந்தேன். அடுத்த ஜூலையில் கொலோனில் ஃபியஸ்டாவுக்கு அதே கதி. பிரிட்டனில் 2009 இலிருந்து 2020 வரை வருடா வருடம் அதிகம் விற்ற கார் அது. அதற்கே அந்த நிலைமை என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

சரி, சொல்ல வந்தது இது. தம்பி பார்க்கும் காரின் எஞ்சின் ஃபோர்டின் 'டிராகன்' எஞ்சின் குடும்பம். அதே குடும்பத்தின் டர்போ இல்லாத தம்பிதான் இங்கே எக்கோஸ்போர்ட்டில் வந்தது, குஜராத்தின் சானந்தில் செய்தது, 123 பிஎஸ். என்னிடம் 2018 வண்டி இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட்டைப் பயன்படுத்தினார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும். ஆனால் தப்பான தரத்து எண்ணெய் ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட்டின் ரப்பர் உதிரும். உதிர்ந்த துகள் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழுந்தால் அப்புறம் டர்போவும் இல்லை, எஞ்சினும் இல்லை.

எனவே கல் பொட்டைப் பார்க்காதீர்கள். சர்வீஸ் ரசீதைப் பாருங்கள். முத்திரை மட்டும் போதாது, எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்று ரசீதில் இருக்க வேண்டும். கையேட்டில் போட்ட தரம்தான் ஊற்ற வேண்டும், கடைக்காரர் 'அதைவிட நல்லது சார்' என்பார், நம்பாதீர்கள்.

ஹாரோப்பொடியன் | செவ்வாய் மதியம் 12:40

ஐயா, உங்கட கையால போன எக்கோஸ்போர்ட் ஒண்டு எங்கட ஒழுங்கையிலயே இப்பவும் நிக்குது. பின் கதவில சில்லு தொங்கிற மாதிரி. அந்த வீட்டு மாமா நல்லா வச்சிருக்கிறார்.

சர்வீஸ் ரசீது கேட்டு ரெண்டு பேருக்கும் எழுதிப்போட்டன். சிலிண்டர் ஒண்டை இடைக்கிடை நிப்பாட்டுமாமே? அதைப் பற்றியும் யாரும் சொல்லுங்கோ. பழுதாகிற விசயமோ எண்டு பயமாக்கிடக்கு.

மூணுசிலிண்டர் | செவ்வாய் மாலை 5:55

நாலு வருடத்தில் அது வேலை செய்வதை நான் உணர்ந்ததே இல்லை. மோட்டார்வேயில் கால் லேசாக இருக்கும்போது ஒரு சிலிண்டருக்கு எரிபொருளையும் வால்வுகளையும் நிறுத்திவிடும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஏற்பாடு. 14 மில்லி நொடியில் நிற்கும், 14 மில்லி நொடியில் திரும்ப எழும். மூன்று சிலிண்டரே ஆட்டம், அதில் ஒன்றை நிறுத்தி மிச்ச ஆட்டத்தைக் கேபினுக்குள் வராமல் தடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

மறைமலை ஐயா சொன்னது இங்கேயும் பொருந்தும். அதுவும் எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது.

மைலேஜ்: மோட்டார்வேயும் ஊரும் கலந்து எனக்கு கேலனுக்கு 38 மைல். நம்மூர்க் கணக்கில் லிட்டருக்கு 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மிதித்தால் 28 க்கு இறங்கும். நான் 99 ஆக்டேன்தான் போடுகிறேன். அது என் மனத்திருப்திக்கு என்று மனைவி சொல்கிறாள்.

மற்றபடி சின்னச் சின்ன குணங்கள். ஸ்டியரிங் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இரண்டே சுற்று. ஆனால் குறுகிய தெருவில் ஒரே மூச்சில் யூ-டர்ன் வராது, பெரிய வேன் மாதிரி பின்னால் வந்து போக வேண்டும். ரெக்காரோ இருக்கைகள் ஒல்லியானவருக்கு ஆலிங்கனம், பிரியாணிப் பிரியருக்குத் தண்டனை. ஸ்போர்ட் மோடில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து படபடக்கும், அதில் கொஞ்சம் ஸ்பீக்கர் வழியாக வரும் பொய்ச் சத்தம். பந்தயத் தளத்துக்கான டிராக் மோடைத் தெருவில் தொடாதீர்கள், உங்களைப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கை அதில் தளர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் கையால் இழுக்கும் பழைய தினுசு. நல்லவேளை.

மதுரைக்காரி | செவ்வாய் இரவு 8:20

கஷாயம் கொடுத்தவளே இன்னொரு வேலையும் சொல்கிறேன். அரசு இணையதளத்தில் கார் நம்பரைப் போட்டால் எம்ஓடி (வருடாந்தரக் கட்டாய வாகனச் சோதனை) வரலாறு முழுக்க இலவசமாக வரும். தேறியதா என்பதை மட்டும் பார்க்காமல் 'அறிவுரை' என்று கீழே எழுதியதைப் படியுங்கள். அங்கேதான் முந்தைய ஓனரின் ஜாதகம் இருக்கும். கேட்-எஸ், கேட்-என் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சேதத்துக்காகக் கழித்துக் கட்டிய காரா என்பதற்கு மட்டும் காசு கட்டிப் பார்க்க வேண்டும். இருபது பவுண்டுக்குக் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

மூணுசிலிண்டர் | செவ்வாய் இரவு 8:31

பேக் இருக்கிறதா என்பதையும் விற்பவர் வாயை நம்பி முடிவு செய்யாதீர்கள். சிலர் எஸ்டி என்றாலே பெர்ஃபார்மன்ஸ் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். காரை ஆன் செய்து, மீட்டர் நடுவே உள்ள திரையில் மெனுவைப் புரட்டுங்கள். லாஞ்ச் கன்ட்ரோல் என்று ஒரு வரி இருந்தால் டிஃப்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே பொட்டலத்தில்தான் வந்தன.

ஹாரோப்பொடியன் | சனி மாலை 6:48

இண்டைக்கு ரெண்டையும் பார்த்திட்டன். வடிவாச் சொல்றன்.

நீலம் முதல். கழுவிப் பொலிஷ் பண்ணி, முகம் தெரியிற மாதிரி நிக்குது. அப்பா சுத்திச் சுத்திப் படம் எடுத்தார். குனிஞ்சு ரயரைப் பார்த்தன். நாலும் பேரே கேள்விப்படாத மலிவு ரயர், முன்னுக்கு ரெண்டும் வேற வேற பேர். எம்ஓடி அறிவுரையில ரெண்டு வருசமா 'முன் ரயர் உள்விளிம்பு தேய்ஞ்சிருக்கு' எண்டு கிடக்கு. வீல் அலைன்மெண்ட் பார்க்காமலே ரயரை மட்டும் மாத்திக்கொண்டு வந்திருக்கினம். ஓடிப் பார்த்தன். நேர் றோட்டில சுகம். ஈரமான ரவுண்டபௌட்டால வெளிக்கிடேக்க மிதிச்சன், உள்சில்லு கீச்செண்டு சுத்திச்சு, டாஷ்போட்டில மஞ்சள் விளக்கு மினுங்கிச்சு, கார் அப்பிடியே நிண்ட மாதிரி. நோஞ்சான் மாடு!

பிறகு வெள்ளை. விக்கிறவர் ஒரு தாதியாம், ஒரே ஓனர். மெனுவில லோஞ்ச் கொன்ட்ரோல் இருக்கு. மழை இன்னும் விடேல்லை. அதே மாதிரி ஒரு ரவுண்டபௌட், அதே இரண்டாம் கியர். ஸ்டியரிங் கையில ஒருக்கா இழுத்துது. பிறகு மூக்கை உள்ளுக்க திருப்பிக்கொண்டு போச்சுது, அண்ணை. நான் சிரிச்சிட்டன். பக்கத்தில இருந்த அவவும் சிரிச்சா. 'எல்லாரும் இந்த இடத்திலதான் சிரிக்கிறவை' எண்டா.

ஆனா ஒரு சிக்கல். 2022 இல சர்வீஸ் ரசீது இல்லை. மற்ற வருசமெல்லாம் எண்ணெய் தரத்தோட ரசீது இருக்கு. அந்த வருசம் ஆசுபத்திரி வேலை நெருக்கடியில விட்டுப்போட்டன் எண்டு ஒளிக்காமல் சொன்னா. மறைமலை ஐயா, என்ன செய்யலாம்?

மறைமலைவாசி | சனி இரவு 7:30 (இந்தியாவில் நள்ளிரவு, தூக்கம் வரவில்லை)

ஒரு வருடம் விட்டதற்காக நல்ல வண்டியை விடாதீர்கள். அந்த வருடம் எவ்வளவு மைல் ஓடியிருக்கிறது என்று எம்ஓடி வரலாற்றிலேயே கணக்குப் போடலாம். அது குறைவாக இருந்தால் கவலை குறைவு. வாங்கும் முன் எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், கறுப்புப் பசை ஒட்டியிருக்கக் கூடாது. வாங்கியவுடன் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிவிட்டு, மாற்றும்போது எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி அந்தச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் காசை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். நியாயமான பெண்மணி மாதிரி தெரிகிறது, குறைப்பார்.

போலோபிரியன் | சனி இரவு 7:41

எதிர்க்கட்சி சரணடைகிறது. வெள்ளையையே எடுங்கள். சிரிப்பு வரும் கார் எல்லோருக்கும் வாய்க்காது. என் போலோவில் எனக்கு நிம்மதி வரும், சிரிப்பு வருவது கொஞ்சம் குறைவுதான்.

ஹாரோப்பொடியன் | அடுத்த வெள்ளி இரவு 9:05

எடுத்திட்டன். 12,900 க்கு முடிஞ்சுது. 2022 இல ஓடினது 4,000 மைல் மட்டும். மெக்கானிக் சல்லடையைக் காட்டினார், சுத்தம். ஐயாவுக்குக் கோடி நன்றி.

அப்பா ரெண்டு நாள் கதைக்கேல்லை. நேற்று எம்40 ஆல இறங்கி சில்டேர்ன்ஸுக்குள்ள கூட்டிக்கொண்டு போனன். மூண்டாவது வளைவில மேல கைபிடியைப் பிடிச்சார். வீட்டை வந்து அம்மாவுக்கு மாட்டுக் கதையை அவர்தான் விளங்கப்படுத்தினார்.

மூணுசிலிண்டர் | அடுத்த வெள்ளி இரவு 9:20

வாழ்த்துகள்! இப்போதே எழுந்துபோய் டிக்கியைத் திறந்து ஒன்று பாருங்கள், தம்பி. சக்கரத்தின் பூட்டு நட்டைக் கழற்றும் சாவி இருக்கிறதா? பஞ்சராகி மழையில் நிற்கும்போதுதான் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள்.

ஹாரோப்பொடியன் | அடுத்த வெள்ளி இரவு 9:34

இல்லை, அண்ணை. அவவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறன்.

ஹாரோப்பொடியன் | அடுத்த வெள்ளி இரவு 10:02

டாஷ்போட்டில இருக்கிற குளவ் பொக்ஸுக்குள்ள, ஒரு காலுறைக்குள்ள சுத்தி வச்சிருக்கிறாவாம். இருக்கு.